மாடியில் பறந்த கொடி

அந்த மாடி போர்ஷனுக்கு நாங்கள் குடிபோனதற்குக் காரணம் அதன் ஜன்னல்தான். நேர் எதிரே மலை தெரியும். எதிர்வீடு தாழ்வானது; நடுவில் மரமோ உயரமான கட்டடமோ மறைக்காது. மாமாவுக்கு, என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. பேச்சும் போய்விட்டது. கட்டிலை ஜன்னலோரம் போட்டால் படுத்தபடியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குடிவந்த அன்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் நாலு பேர் முக்கி முனகி மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அதற்கப்புறம் அவர் கீழே இறங்கவே இல்லை.

கீழே வீட்டு ஓனர் குடும்பம். அவர் ஒரு கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தார். எதிர்வீட்டில் தண்ணீர் கேன் போடுகிறவர். அவர் இன்னொரு கட்சி. இரண்டு பேருமே கரை வேட்டிதான், கரை மட்டும் வேறு. காலையில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். தேர்தல் வந்தால் இரண்டு வீட்டு வாசலிலும் கொடி ஏறும், முடிந்ததும் வெளுத்துக் கிழிந்து இறங்கும். தீபாவளி மாதிரி அதுவும் ஒரு சீசன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குக் கட்சி கிடையாது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் இடையே வேன் ஓட்டுகிறார். மாமாவைக் குளிப்பாட்டி, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கு ஓடி வருவதற்கே பொழுது சரியாக இருக்கும்.

இந்தத் தடவை தேர்தல் வேறு மாதிரி வந்தது. பக்கத்து கிராமம் ஒன்றில் யாரோ ஒரு கட்சிக் கொடிக்கம்பத்தை அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். மறுநாள் இன்னொரு கட்சியின் கம்பம் விழுந்தது. அதற்கடுத்து கைகலப்பு. கம்பத்தில் ஆரம்பித்தது ஜாதியில் போய் நின்றது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வசித்த ஒரு வாலிபர், எதிர்வீட்டுக்காரரின் கட்சி, அந்தக் கிராமத்துக்குப் போன இடத்தில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடித்தது ஓனர் கட்சி ஆட்கள் என்று பேச்சு. உண்மையில் யார் அடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரத்திலிருந்து டீக்கடையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்காரவில்லை. முதலில் எதிர்வீட்டு மாடி விளிம்பு முழுக்க அவர்கள் கட்சி நிறத்தில் சீரியல் பல்பு எரிந்தது. மறுநாள் எங்கள் வாசலில் ஓனர் கைகூப்பி நிற்கும் ஃபிளெக்ஸ் வந்தது. அதற்கு மறுநாள் எதிர்வீட்டுச் சுவரில் சின்னம் வரைந்தார்கள், ஜன்னலைக்கூட விடாமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் இரண்டு ஆட்களோடு எங்கள் வாசல் வழியாக மேலே ஏறிப் போனார். மொட்டை மாடியில் நான் துணி காயப்போடும் இடத்தில், தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலோடு சேர்த்து ஒரு நீளமான பைப்பைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். அதன் உச்சியில் ஒரு கொடி. படுக்கை விரிப்பைவிடப் பெரியது.

"சார், எவ்ளோ நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு இன்னா பண்ணுது அது? பறந்துகினு கெடக்கட்டும்" என்றார்.

காற்று மலைப்பக்கமிருந்து வந்தால் அந்தக் கொடி எங்கள் தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் அதன் நிழல் ஜன்னல் வழியாக வந்து மாமாவின் போர்வை மேல் ஆடும். அவர் இடது கையைத் தூக்கி ஈ ஓட்டுவதுபோல அதை விரட்டிப் பார்ப்பார். பள்ளியில் என் மகளிடம் "நீங்க அந்தக் கட்சியா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டாள். "நம்ம எந்தக் கட்சியும் இல்ல" என்றேன். "அப்ப ஏம்மா நம்ம மேல கொடி இருக்கு?" என்றாள். வாடகை வீடு என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் மனைவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முன்பெல்லாம் ரோட்டைத் தாண்டி வந்து படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். இப்போது கண்ணால் மட்டும் சிரித்தாள். போனில்தான் பேச்சு. "அங்க வந்தா இவரு திட்றாரு அக்கா. உங்கள இல்ல, அந்த வூட்ட" என்றாள். அந்த வீட்டுக்குள்தான் நான் இருந்தேன்.

ஒரு நாள் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். ஓனர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் கோலம் இல்லை. எப்போதும் நிற்கும் கார் இல்லை. கல்யாணத்துக்கு எங்கேயாவது போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. பால்காரரும் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் முகம் தெரிந்தது; கையால் உள்ளே போ, உள்ளே போ என்று சைகை காட்டினாள். நான் படியேறுவதற்குள் போன் வந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பையன் செத்துட்டான் அக்கா. நம்ம தெரு வழியாதான் எடுத்துகினு போறாங்களாம். சுடுகாட்டுக்கு வேற வழி இல்ல. உங்க ஓனருங்க காலையிலயே கௌம்பிட்டாங்க, உங்களுக்குச் சொல்லலயா?"

சொல்லவில்லை. மேலே நடக்க முடியாத ஒரு மனுஷர் இருக்கிறார், ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார்கள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். விடியும் முன்பே சவாரிக்குப் போனவர் கீழ்பென்னாத்தூரில் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டிகளை விடவில்லை, பஸ் ஓடவில்லை. "அப்பாவ பாத்துக்கோ, கதவ தெறக்காத, நான் எப்டியாச்சும் வந்துடறேன்" என்றார். அவர் குரல் உடைந்ததை அதற்குமுன் நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன், மாமா கீழே விழுந்த அன்று.

அடுத்து ஓனருக்கு. பல தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"சார், மேல இருக்கற கொடிய இறக்கிடட்டுமா? பொணம் இந்த வழியா வருதாம்."

"கை வெக்காதம்மா. அத இறக்கினா நான் பயந்துட்டேன்னு ஆயிடும். தெருவே சிரிக்கும்."

"சார், நாங்க வூட்டுக்குள்ள இருக்கோம் சார்."

"ஒண்ணும் ஆவாது. ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். கதவ சாத்திக்கினு கம்முனு இருங்க."

போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

தூரத்தில் எங்கோ பறை சத்தம் கேட்டது. அது நெருங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. கண்ணாடி ஜன்னல். அதை ஒட்டி மாமா. கல் வந்தால் முதலில் விழுவது அவர் முகத்தில்தான்.

கட்டிலை உள்பக்கம் இழுக்க நானும் மகளும் முயன்றோம். நகரவில்லை. மாமா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மாமா, விடுங்க மாமா, உள்ள போயிடலாம்" என்றேன். விடவில்லை. அவருக்கும் பறை சத்தம் கேட்டிருந்தது. என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். ஆனால் பயத்தில் மனுஷர்கள் கையில் கிடைத்ததைத்தானே பிடிப்பார்கள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கட்டிலை இழுத்துச் சமையல்கட்டுச் சுவரோரம் சேர்த்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க எனக்கு நேரமில்லை.

கதவு தட்டப்பட்டது. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நான்தான்" என்ற குரல் கேட்டுத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரரும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் ஷேவ் செய்யாத முகத்தோடு, கண் சிவந்து இருந்தார். செத்துப்போனவர் அவரிடம் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையில் அவர்கள் கட்சிக் கொடி ஒன்று மடித்து இருந்தது.

"தங்கச்சி, மேல இருக்கறத எடுத்துட்டு இத கட்டுங்க. வரவனுங்க குடிச்சிட்டு வரானுங்க. எங்க ஆளுங்கதான். ஆனா இன்னிக்கு நான் சொன்னா கேக்கமாட்டானுங்க."

"இது எங்க கொடி இல்லீங்கண்ணா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் மேலே கையைக் காட்டினார். "அது மட்டும் உங்க கொடியா?"

கொடியை வாங்கிக்கொண்டேன்.

அவர் மனைவி, "எங்க வூட்டுக்கு வந்துடுங்க அக்கா" என்றாள். நான் கட்டிலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "அப்ப பாப்பாவயாச்சும் குடுங்க" என்றாள். மகள் வரமாட்டேன் என்று அழுதாள். அவள் கையை என் சேலையிலிருந்து நான்தான் பிரித்துக் கொடுத்தேன். அன்று காலை இரண்டாவது தடவையாக ஒருவர் விரல்களைப் பிரித்தேன். அவளை நடுவில் விட்டு இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி ஓடி உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஊர்வலம் வரும்போது எனக்கும் என் மகளுக்கும் நடுவில் அந்தத் தெரு இருக்கும் என்று.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். கட்டுக்கம்பியை வெட்ட அது உதவவில்லை. கையால் முறுக்கை அவிழ்த்ததில் உள்ளங்கை கிழிந்தது. பைப்பைச் சாய்த்து, கொடி கட்டிய கயிற்றை அறுத்து, அந்தத் துணியைக் காலடியில் போட்டேன். புதுக் கொடியைக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. பைப்பை நிமிர்த்தி நிறுத்தி, கம்பியை மறுபடி சுற்றி முடித்துவிட்டுக் கீழே பார்த்தால், தெருமுனையில் யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. கருப்புச் சட்டை மட்டும் தெரிந்தது. நான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்துகொண்டேன். அதுவரை ஒரு பக்கத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டு பக்கத்துக்கும் பயப்படவேண்டியதாகிவிட்டது.

அவிழ்த்த கொடியைக் கொண்டுபோய், ஊறவைத்திருந்த துணிப் பக்கெட்டில் அடியில் அமுக்கினேன். பிறகு மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

முதலில் பைக்குகள். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்னால் பறை, வெடி, கோஷம். கோஷத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இப்போது நினைவில்லை. பழிக்குப் பழி என்ற சொல் மட்டும் வந்து வந்து போனது. எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் பறை நின்றது. அந்த நிசப்தம்தான் மிக மோசம். யாரோ ஒருவர், "இதான்டா அவன் வூடு" என்று கத்தினார். உடனே கீழே எதுவோ உடைந்தது. தகரத்தில் கல் விழும் சத்தம். ஃபிளெக்ஸைக் கிழிக்கும் சத்தம். கேட்டை உலுக்குகிறார்கள். மாமாவின் தொண்டையிலிருந்து ஒரு ஒலி வந்தது. பேச்சுப் போன பிறகு அவரிடமிருந்து நான் கேட்ட முதல் ஒலி அது. அவர் வாயைப் பொத்தினேன். குடியிருக்கும் வீட்டுக்குள், நோயாளியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது. "மேல பாருங்கடா. மேல நம்ம ஆளுங்க இருக்காங்க. கொடி கட்டியிருக்காங்க பாரு."

"யார்ண்ணா?"

"என் தங்கச்சிடா. கல்லப் போடு கீழ."

வெளியே வா, முகத்தைக் காட்டு என்று கீழிருந்து சிலர் கத்தினார்கள். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். தெரு முழுக்கத் தலைகள். நடுவில் பூமாலைகளுக்குள் அந்த வாலிபரின் முகம், மூக்கில் பஞ்சோடு. கூட்டம் என்னை அண்ணாந்து பார்த்தது. முன்னால் நின்ற ஒருவன், வியர்வையும் சாராயமுமாக ஊறிய முகம், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி என்னைக் கும்பிட்டான். பின்னால் இன்னும் நாலைந்து பேர் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கல்லைப் பிடித்திருந்த கைகள் அவை. கல் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுங்கியிருக்காது. ஒரு துணி மாறியதில் நான் கொல்லப்படவேண்டியவள் என்பதிலிருந்து கும்பிடப்படவேண்டியவள் ஆகியிருந்தேன். என்னை அவர்கள் பார்க்கவே இல்லை.

பறை மறுபடி ஆரம்பித்தது. ஊர்வலம் நகர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில், சின்னம் வரைந்த கதவின் இடுக்கில், என் மகளின் பாதி முகம் தெரிந்தது.

தெரு காலியானதும் அந்தக் கொடியையும் இறக்கிவிட்டேன். மடித்து எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து மகளைக் கூட்டிவந்தேன். அவர் வீட்டில் இல்லை, சுடுகாட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம் நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மஞ்சள் எடுத்துவந்து வைத்தாள்.

என் வீட்டுக்காரர் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். வயல் வரப்பிலும் ஊர்ப் பாதையிலும் சுற்றி, யார் பைக்கிலோ ஏறி, மீதியை நடந்து வந்திருந்தார். கால் முழுக்கச் சேறு. நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய்க் குனிந்து நின்றார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

அன்று மாலைக்குள் என் வீடியோ ஊர் முழுக்கப் போயிருந்தது. நான் வேலை செய்யும் விடுதியின் மேனேஜரே எனக்கு அனுப்பி, "இது நீங்களா? நாலு நாள் வீட்லயே இருங்க" என்றார். அதில் நான் ஓனர் கட்சிக் கொடியை இறக்கிக் காலடியில் போடுவது மட்டும் இருந்தது. ஏன், எப்போது என்று எதுவும் இல்லை. கீழே எழுதியிருந்த வார்த்தைகளை என் வீட்டுக்காரர் என்னைப் படிக்க விடவில்லை. தெரியாத எண்களிலிருந்து போன் வந்தபடி இருந்தது. சிம்மைக் கழற்றி வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து ஓனர் வந்தார், கூட நாலைந்து பேரோடு. மனைவி பின்னால் நின்றாள். கிழிந்த ஃபிளெக்ஸையும் நெளிந்த கேட்டையும் பார்த்துவிட்டு நேரே மேலே வந்தார்.

"என் வூட்டு மேல அவன் கொடியா?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன். எனக்கு அப்போதும் பயம்தான். ஆனாலும் பேசினேன்.

"சார், நீங்க பூட்டிக்கினு போனப்ப மேல நாங்க இருக்கோம்னு ஞாபகம் வந்துச்சாங்க?"

"ஸ்டேஷன்ல சொல்லிட்டேன்னு சொன்னேன் இல்ல?"

"அந்த நம்பிக்கை இருந்தா நீங்க ஏன் சார் போனீங்க?"

அவர் கூட வந்தவர்களில் ஒருவர் வாசலுக்குள் காலெடுத்து வைத்தார். அப்போது அவர் கண்ணில் கட்டில் பட்டது. சமையல்கட்டுச் சுவரோரம், மாமா, வாய் கோணி, இவர்களையே பார்த்துக்கொண்டு. அந்த ஆள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். ஓனர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "வாங்க, கீழ போயிடலாம்" என்று மெல்லச் சொன்னாள்.

"என் கொடி எங்க?" என்றார் ஓனர்.

பக்கெட்டிலிருந்து எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். ஈரத் துணி அவர் சட்டையை நனைத்தது. "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஓனர் மனைவி மட்டும் ஒரு நொடி நின்று, "எனக்குத் தெரியாதும்மா. எழுப்பி கார்ல ஏறுன்னாரு, ஏறிட்டேன்" என்றாள். உண்மையாகத்தான் இருக்கும்.

மாமாவை மறுபடியும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினோம். நாலாவது ஆள் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். ஓனர் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அடி அண்ணாமலையில் தரைவீடு ஒன்றில் இருக்கிறோம். வீடு பார்க்கப் போனபோது தண்ணீர் வசதியைக்கூடக் கேட்காமல், "நீங்க எந்தக் கட்சிலயாச்சும் இருக்கீங்களா?" என்றுதான் வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இல்லம்மா, கடலை போட்டிருக்கோம்" என்றார்.

குடிவந்து முதல் பௌர்ணமி. எங்கள் வாசலுக்கு முன்னாலேயே கிரிவலப் பாதை. நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். கூட்டத்தோடு கூட்டமாகப் பல தடவை அந்தப் பாதையைச் சுற்றியவள். விளக்கு வைக்கும் நேரத்தில் தூரத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான காலடிகள், பேச்சு, நடுநடுவே ஓங்கி ஒரு கோஷம். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். மாமாவின் கட்டிலை இழுக்கக் குனிந்தபோது மகள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, சாமி கும்பிட வரவங்கம்மா. அரோகரான்றாங்க, கேக்கலயா?"

கேட்டது. கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் தாழை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவள்தான் போய் எடுத்தாள்.